ஓடினால் தோற்கிற ஆட்டம்

கேள்வி: வணக்கம் ஐயா. இளைஞர் குழு ஒன்றில் மூன்று வருடமாகத் தொண்டராக இருக்கிறேன். அடுத்த மாதம் நடக்கிற இரண்டு இரவு முகாமுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். 12 வயதிலிருந்து 17 வயது வரை 38 பேர் வருகிறார்கள். பெரியவர்கள் ஏழு பேர். போன வருடம் ராத்திரியில் கொடி பிடிக்கும் விளையாட்டு வைத்தோம். ஓடி வந்த ஒரு பையன் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து முன்பல் உடைந்துவிட்டது. அதே இரவில் பெரிய பையன்கள் நாலு பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு சின்னவர்களைப் பயமுறுத்த, ஒரு பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள். இந்த வருடம் இரவு விளையாட்டே வேண்டாம் என்கிறது கமிட்டி. பிள்ளைகளோ அதற்காகத்தான் வருகிறோம் என்கிறார்கள். என்ன விளையாட்டு வைக்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது, டார்ச் எத்தனை வேண்டும் என்பது வரைக்கும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பல் உடைந்த பழியை இருட்டின் மேல் போடாதீர்கள். கொடி பிடிக்கும் விளையாட்டு பகலுக்கென்று அமைந்த ஆட்டம். கொடியை எடுத்தவன் ஓடியே ஆக வேண்டும், துரத்துகிறவனும் ஓடியே ஆக வேண்டும். விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் அணைத்தால் என்ன ஆகும்? கயிறு தடுக்காவிட்டால் கல் தடுக்கும். கல் தப்பினால் இன்னொருவன் மண்டையில் போய் முட்டும்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முகாம் நடத்தத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. என்னுடைய மூன்றாவது முகாமில், நிலா இல்லாத ஒரு ராத்திரியில், திருடன் போலீஸ் விளையாடவிட்டேன். ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் நேருக்கு நேர் மோதி, ஒருவனுக்குப் புருவத்தில் நாலு தையல். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். எதிரே யாருமே வரவில்லை என்று இருவருமே சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த விளையாட்டை இரவில் வைப்பதானாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: வேகமாக ஓடுகிறவனுக்கு இதில் லாபம் உண்டா? உண்டு என்றால் அது காலை ஆட்டம். இரவில் மெதுவாகப் போகிறவன், சத்தம் போடாதவன், பொறுத்திருக்கிறவன் ஜெயிக்கிற ஆட்டமாகத்தான் வைக்க வேண்டும். "யாரும் ஓடாதீங்க" என்று விசில் ஊதிச் சொல்லிவிட்டு, முதலில் வருகிறவனுக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் பரிசைத்தான் கேட்பார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள்.

சரி, விளையாட்டுக்கு முன்னால் கண். இதைப் பெரும்பாலான முகாம்களில் யாரும் யோசிப்பதே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பிரகாசமான விளக்கிலிருந்து பிள்ளைகளை நேராக மைதானத்துக்குக் கூட்டிப் போய் "ஸ்டார்ட்" சொல்லிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பாதிக் குருடர்கள். விழித்திரையில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற குச்சி செல்கள் சுமார் 12 கோடி. கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் முடிந்த அளவுக்கு இருட்டுக்குப் பழகிவிடும். குச்சி செல்களுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். அவற்றில் இருக்கிற ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் வெளுத்துப் போகும், இருட்டில் மெல்ல மெல்லத்தான் திரும்பச் சேரும். இந்த நேரத்தில் யாராவது ஒருவன் செல்போனைத் திறந்து மணி பார்த்தால், அவனுக்கும் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் சேர்ந்த பலன் கெட்டுவிடும்.

அதனால் நான் முதல் அரைமணி நேரத்தை விளையாட்டாகவே கணக்கு வைப்பதில்லை. எல்லோரையும் மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்து விதிகளைத் தாழ்ந்த குரலில் சொல்வேன். அப்புறம் ஒரு சின்ன வேடிக்கை. தூரத்தில் மங்கலாகத் தெரிகிற ஒரு நட்சத்திரத்தையோ, வெளிர் நிறக் கல்லையோ நேராகப் பார்க்கச் சொல்வேன். நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் மறுபடி தெரியும். நாம் நேராகப் பார்க்கும்போது பிம்பம் விழுகிற இடத்தில் குச்சி செல்களே கிடையாது, சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. முதல் தடவை அது மறைந்து திரும்ப வருவதைப் பார்க்கிற பிள்ளை "ஏ!" என்று ஒரு சத்தம் போடும் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு இருட்டு எதிரி இல்லை. கடைக்கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் ஆட்டத்தில் எங்கே கல், எங்கே மேடு என்று தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருமுறை சிவப்புத் துணியைக் கொடியாக நட்டுவிட்டு, ஒருவருக்கும் தெரியவில்லையே என்று திண்டாடினோம். சிவப்பு வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பகலில் பளிச்சென்று கண்ணைப் பறித்த துணி இரவில் கறுப்பாகிவிடும். நீலமும் பச்சையும் ஓரளவு வெளிறித் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. அடையாளத் துணிக்கு வெள்ளைதான் நல்லது. ஆனால் இதே காரணத்தால் டார்ச்சுக்குச் சிவப்பு நல்லது. மங்கிய சிவப்பு வெளிச்சம் பட்டால் பழகிய கண் அவ்வளவாகக் கெடாது. டார்ச் முகத்தில் சிவப்பு செலஃபேன் தாளைக் கட்டிக்கொண்டால் போதும்.

இனி ஆட்டம். உங்கள் முகாமுக்கு ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாங்கள் இதை "பதுங்கல்" என்போம்.

புல் வெட்டிய, மேடு பள்ளம் இல்லாத திறந்தவெளி வேண்டும். நடுவில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். கையில் சிவப்புத் தாள் கட்டிய டார்ச். காலடியில் ஒரு சாவிக்கொத்து. மற்றவர்கள் பன்னிரண்டு பேர், சுற்றிலும் முப்பது தப்படி தூரத்தில் வட்டமாக நிற்பார்கள். வேலை சுலபம்: நடுவில் இருப்பவருக்குக் கேட்காமல் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சத்தம் கேட்டால் அவர் அந்தத் திசையில் டார்ச்சை ஒரு நொடி அடிப்பார். வெளிச்சம் பட்டதா இல்லையா என்பதை அவருக்குப் பின்னால் நிற்கிற பெரியவர் சொல்வார். பட்டவர் எழுந்து வட்டத்தின் ஓரத்துக்கு நடந்து போய் மறுபடி தொடங்க வேண்டும்.

இதில் மூன்று விஷயங்களைப் பல வருடம் தப்பாகச் செய்து திருத்தியிருக்கிறேன். ஒன்று, பிடிபட்டவரை "அவுட்" என்று உட்காரவைக்கக் கூடாது. இருட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற பதினைந்து வயதுப் பையனைவிட ஆபத்தான பொருள் முகாமில் வேறு எதுவும் இல்லை. உங்கள் போர்வைப் பேய்கள் நாலு பேரும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், அவுட் ஆனவர்களாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டாவது, டார்ச் அடிக்கக் கணக்கு வேண்டும். ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து தடவை. கணக்கு இல்லாவிட்டால் நடுவில் இருப்பவர் கலங்கரை விளக்கம் மாதிரி சுற்றிச் சுற்றி அடித்துத் தள்ளிவிடுவார், காது கொடுத்துக் கேட்கவே மாட்டார். மூன்றாவது, வெளிச்சம் முழங்கால் உயரத்தில்தான் போக வேண்டும். முகத்தில் அடிக்கிறவருக்கு அந்த அடி கணக்கில் கழியும்.

ஒரு முகாமில் பார்த்ததைச் சொல்கிறேன். பகல் விளையாட்டுகளில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிற ஒரு பதிமூன்று வயதுப் பெண். ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பையன் அன்று ஐந்து தடவை பிடிபட்டான். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆறு ஏழு தப்படியில் பொறுமை இழந்து பாய்வான், உடனே வெளிச்சம். இந்தப் பெண் காற்று அடிக்கும்போது மட்டும் நகர்ந்தாள். இலைகள் சலசலப்பது நின்றால் இவளும் தூக்கிய காலோடு அப்படியே நின்றாள். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, கீழே குச்சி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு உள்பக்கம் சாய்த்து எடையை இறக்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது தப்படிக்குப் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். சாவிக்கொத்தின் மேல் உள்ளங்கையை முழுதாகக் கவிழ்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒரு கிளிங் சத்தம்கூட வராமல் எடுத்தாள். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், எனக்கே கேட்கவில்லை. நடுவில் இருந்தவன் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உங்களிடம் 38 பேர். மூன்று வட்டமாகப் பிரியுங்கள். வட்டங்களுக்கு நடுவில் குறைந்தது ஐம்பது தப்படி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வட்டத்தின் சத்தம் அடுத்த வட்டத்தைக் கெடுக்கும். ஒரு ஆட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வட்டத்துக்கு ஒரு பெரியவர் நடுவர். மீதி நாலு பேரில் இரண்டு பேர் எல்லையில், ஒருவர் முகாமில் விளக்கோடு, நீங்கள் எந்த வேலையும் இல்லாமல் சும்மா. பொறுப்பாளர் கையில் வேலை இருக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் போகிற ஆள் நீங்கள்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். சத்தமில்லாமல் ஊர்கிற பிள்ளை, சத்தமில்லாமல் படுத்திருக்கிற பூச்சி பொட்டின் மேல் கை வைக்கலாம். அதனால் உயரமான புல், சருகுக் குவியல், கல் அடுக்கு இருக்கிற இடத்தில் பதுங்கல் வேண்டவே வேண்டாம். தவழ்வதற்கும் தடை, நடையும் குனிந்த நடையும் மட்டும். காலை மூடிய ஷூ, முழுக்கால் பேண்ட். ஆட்டத்துக்கு முன்னால் பெரியவர்கள் வரிசையாக நின்று நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சோடு மைதானம் முழுவதையும் ஒருமுறை மிதித்து நடந்துவிட வேண்டும். இது நடந்த பிறகுதான் கண் பழகுகிற அரைமணி நேரம்.

பெரிய பரப்பு கிடைத்தால் "மின்மினி" வைக்கலாம். இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு டார்ச்சோடு மைதானத்தில் மெதுவாக நடந்துகொண்டே இருப்பார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மினுக்கு. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அந்த மினுக்கைப் பார்த்து, அடுத்து எங்கே போவார் என்று ஊகித்து, போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்த ஜோடிக்கு ஒரு பாசிமணி. ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டால் மின்மினி மணி தர மாட்டார், அவ்வளவுதான். இந்த ஒரு விதி நூறு எச்சரிக்கைக்குச் சமம். பெரிய பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் மூளை வேலை.

முதல் இரவுக்கு இவை இரண்டுமே கொஞ்சம் அதிகம். முதல் இரவில் கயிற்று நடை வையுங்கள். மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, அறுபது எழுபது மீட்டர் தூரம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வாய் திறக்காமல் நடக்க வேண்டும். வழியில் ஆங்காங்கே தொட்டுப் பார்க்க, முகர்ந்து பார்க்க ஏதாவது தொங்கவிடுங்கள். முடிவில் என்னென்ன இருந்தது என்று கேளுங்கள். போட்டி இல்லை, பயம் குறையும். கயிறு ஒருபோதும் கழுத்து உயரத்தில் வரக் கூடாது, சரிவில் கட்டும்போது இது தானாகவே ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஆட்டம் முடிந்த கையோடு கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த பல்லை உடைக்கப் போவது அதுதான்.

கயிறு முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற சத்தங்களை விரல்விட்டு எண்ணட்டும். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது வெறும் எச்சரிக்கை இல்லை, இயற்பியலும்கூட. பொழுது சாய்ந்ததும் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருக்கிற காற்று கொஞ்சம் வெப்பமாக இருக்கும். அப்போது மேலே போகிற ஒலி வளைந்து கீழேயே திரும்பும். பகலில் காதில் விழாத தூரத்துச் சத்தம் இரவில் விழுவது அதனால்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் அடுத்த நாள் பதுங்கலில் தங்கள் கிசுகிசுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்களுக்குப் புரியும். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உங்கள் முகாமின் கூச்சல் எப்படிக் கேட்கும் என்பதும் உங்களுக்குப் புரியும்.

ஐஸ்பாய் கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள். நான் வைப்பதில்லை. இரவில் ஒளிந்துகொள்கிற விளையாட்டில் ஜெயிப்பதற்கு ஒரே வழி, யாரும் தேட மாட்டார்கள் என்கிற இடத்துக்குப் போவது. அதாவது நீங்கள் போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு. ஒரு முகாமில் ஒளிந்த இடத்திலேயே ஒரு பையன் தூங்கிப்போக, ஒன்றரை மணி நேரம் தேடினோம். அவன் நன்றாகத்தான் இருந்தான், எங்களுக்குத்தான் பாதி உயிர் போயிற்று. எல்லோரும் ஒரே மையத்தை நோக்கி வருகிற ஆட்டம் இரவுக்கு ஏற்றது. மையத்தை விட்டு விலகிப் போகிற ஆட்டம் ஏற்றதில்லை.

இடத்தைப் பார்ப்பது பற்றி. பகலில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பகலில் நடக்கும்போது நம் கண் காலடியைத்தான் பார்க்கும். இரவில் இடிக்கிறவை முகத்தின் உயரத்தில் இருக்கும்: துணி காயப்போடும் கொடி, தாழ்ந்த கிளை, கூடாரக் கயிற்றின் மேல்பகுதி, கம்பி வேலி. அதனால் பகலில் ஒருமுறை, முந்தின இரவில் டார்ச் இல்லாமல் ஒருமுறை, கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். நீங்கள் தயங்குகிற இடமெல்லாம் எல்லைக்கு வெளியே போக வேண்டும். கிணறு, குளம், சாலை, சரிவு இருக்கிற பக்கம் ஆட்டமே கிடையாது. அங்கே ஆள் நிறுத்தி ஆட்டம் வைப்பதைவிட, வேறு பக்கம் திரும்பிக்கொள்வது எளிது. கூடாரங்களுக்கு நடுவில் எந்த ஆட்டமும் வேண்டாம். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணி முடிந்துவிடுங்கள், ராத்திரியில் கழிப்பறைக்குப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

தேதியை மாற்ற முடியாது என்றாலும் நிலாவைப் பார்த்து வையுங்கள். பௌர்ணமியன்று பொழுது சாயும்போதே நிலா வந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதம். வளர்பிறையில் அரை நிலா நடுராத்திரி வாக்கில் மறைந்துவிடும், அதற்குள் நீங்கள் முடித்திருப்பீர்கள், அதனால் விளையாட அருமையான நாள் அது. தேய்பிறையில் அரை நிலா கிளம்புவதே நடுராத்திரிக்குத்தான், அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். முழு நிலா வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது தரும்.

எண்ணிக்கை விஷயத்தில் சோம்பல் கூடாது. ஆட்டத்துக்கு முன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில், முடிந்த பிறகு. தலையை எண்ணுவதைவிட ஜோடியை எண்ணுவது நம்பகமானது: 19 ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண், இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு குரல் மட்டும் வந்தால் உடனே தெரிந்துவிடும். நீளமான ஒரே விசில் என்றால் ஆட்டம் முடிந்தது, இருக்கிற இடத்தில் நின்று டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்து வா. நிமிடத்துக்கு ஆறு ஊதல் என்பது மலையேறுகிறவர்கள் ஆபத்துக்கு வைத்திருக்கிற சர்வதேச சமிக்ஞை. அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், விளையாட்டில் பயன்படுத்தாதீர்கள். வழி தெரியாமல் போனவன் தேடிக்கொண்டு நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதை மூன்று தடவை சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பெண் அழுத விஷயம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அரண்டவளுக்கு அது சிரிப்பில்லை. இருட்டில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அது அசையாமல் இருந்தாலும் நகர்வது போலத் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் மூளை செய்கிற கோளாறு அது. முதல் இரவில் தூரத்தில் ஒரு சின்ன விளக்கை வைத்து இதைச் செய்து காட்டுங்கள். "ஆமா, நகருது!" என்று எல்லோரும் சொன்ன பிறகு, டார்ச் அடித்து அது கல் மேல் வைத்த விளக்குதான் என்று காட்டுங்கள். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. பேய்க்கதையையே தடை செய்யச் சொல்லவில்லை. விளையாட்டுக்கு முன்னால் வேண்டாம், அவ்வளவுதான்.

ஒளிந்திருந்து பாய்ந்து பயமுறுத்துவது எந்த ஆட்டத்திலும் இல்லை என்பதை முதலிலேயே விதியாகச் சொல்லுங்கள். இருட்டில் திடுக்கிட்டவர் கையை வீசுவார் அல்லது கண்மண் தெரியாமல் ஓடுவார். இரண்டிலும் அடிபடும். போன வருடப் பேய்கள் நாலு பேரும் இந்த வருடமும் வந்தால் ஒதுக்கிவைக்காதீர்கள். எல்லைக் காவல் வேலையைக் கொடுங்கள். ஒளிரும் குச்சியைக் கையில் கொடுத்து, "இதைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது, உன் பொறுப்பு" என்று சொல்லிப் பெரியவரோடு நிறுத்துங்கள். குச்சியை மட்டும் உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடிக் குப்பியும், கண்ணில் பட்டால் எரிகிற திரவமும் இருக்கின்றன.

பயப்படுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கூடாரத்திலும் விட்டுவிட வேண்டாம். முகாமில் விளக்கோடு இருக்கிறவர் பக்கத்தில், துணைக்கு இன்னொரு பிள்ளையோடு, உட்காரவைத்து மணியும் புள்ளியும் எழுதச் சொல்லலாம். அல்லது பதுங்கலில் நடுவில் உட்காரச் சொல்லலாம், பக்கத்திலேயே பெரியவர் நிற்பதால் அதுதான் மைதானத்திலேயே பத்திரமான இடம், அதிகாரமும் கையில். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆடிப் பார்க்கிறேன் என்று நடுவில் அவர்களாகவே எழுந்து வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், பலர் சொல்லத் தயங்குவார்கள். இருட்டு, வயதுப் பிள்ளைகள், பெரியவர்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கிற நிலை ஒரு நிமிடம்கூட வரக் கூடாது. வழிகாட்டுவதற்கென்றாலும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்கென்றாலும் மூன்றாவது ஆள் கூட இருக்க வேண்டும். மின்மினியில் டார்ச்சோடு நடப்பதைத் தவிர, பெரியவர்கள் ஆட்டக்காரர்களாக இறங்கக் கூடாது. ஆளைக் கட்டிப்பிடித்து மடக்குகிற ஆட்டம் எதுவும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் பிடிபட்டதாகிற ஆட்டமே போதும். கழிப்பறைக்கு மூன்று பேராகப் போகட்டும். இவற்றை எழுதி, உங்கள் ஏழு பேரிடமும் முகாமுக்கு முன்பே படித்துக்காட்டுங்கள். முணுமுணுக்கிறவர் இருந்தால் அவரைப் பகல் வேலைக்குப் போடுங்கள்.

பெற்றோரிடம் வாங்குகிற படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, மாலைக்கண், தூக்கத்தில் நடக்கிற பழக்கம் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். "வேறு ஏதாவது?" என்று கேட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள். இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும், ஆபீஸ் அறையில் பூட்டி வைத்த இன்ஹேலரால் பயனில்லை. வலிப்பு உள்ளவர் இருந்தால் வேகமாக விட்டு விட்டு எரிகிற டார்ச் எதுவும் மைதானத்துக்குள் வரக் கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றி வைத்துவிட்டு ஆட வேண்டாம், பின்னால் ஒரு நாடா கட்டிக்கொள்ளட்டும்.

வானத்தை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியும் கூடாரமும் கணக்கில் வராது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும்.

நேரத்தைப் பற்றிக் கமிட்டி கேட்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் சின்னவர்களுக்குத் தாங்காது. இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள், அடிபடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி "இன்னும் ஒன்று"வில்தான். கமிட்டியிடம் வாதாடிக்கொண்டிருக்காமல், முகாமுக்கு முன்பே ஒரு மாலையில் அவர்களையே கூப்பிட்டு ஒரு வட்டம் பதுங்கல் ஆடவையுங்கள். ஓடத் தேவையில்லை என்பதை வாயால் விளக்குவதைவிட அவர்கள் காலாலேயே தெரிந்துகொள்ளட்டும். நான் இதைச் செய்த ஒரு இடத்தில், இரவு விளையாட்டே கூடாது என்று முதலில் எழுந்து நின்றவர்தான் சாவியை விட மாட்டேன் என்று இரண்டாவது ஆட்டத்துக்கும் உட்கார்ந்தார்.

டார்ச் கணக்கு: ஜோடிக்கு ஒன்று, அணைத்துப் பையில் இருக்கும், 19. பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று, 7. வட்டங்களின் நடுவில் இருப்பவர்களுக்கு 3. உதிரியாக 3. ஆக 32. மின்மினிக்குத் தனியாக வேண்டாம், பெரியவர்கள் கையில் இருப்பதே போதும். தலையில் மாட்டுகிற விளக்கு வேண்டாம், யாரைத் திரும்பிப் பார்த்தாலும் அவர் கண் போய்விடும். பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னால் 38 வந்து சேரும், அதில் பாதி கண்ணைப் பறிக்கிற ரகமாக இருக்கும். வந்ததும் வாங்கிவைத்துக்கொண்டு, மங்கலானவற்றை மட்டும் ஆட்டத்துக்கு எடுங்கள், மற்றதைத் தூங்கப் போகும்போது திருப்பிக் கொடுங்கள். செலஃபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள், ஒற்றை மடிப்பில் வெளிச்சம் கூடுதலாக வரும்.